பருந்து புகுந்த எஞ்சின்

தொண்ணூறுகளின் கடைசியில், கடற்படை விமானிகள் பயிற்சி எடுக்கும் ஜெட் விமானங்களில் எஞ்சின் பார்ப்பது என் வேலை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டு விமானங்களோடு எங்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். ஓடுதளத்தை அடுத்துக் கடல். கடற்கரையில் மீன்சந்தை. சந்தைக்கு மேலே எந்நேரமும் பருந்துகள்.

எங்களோடு வந்த பயிற்சி அதிகாரியைப் போல ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிவந்து சக்கரம், இறக்கை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவரும் சுற்றிவருவார், ஆனால் கண் மட்டும் விமானக் கண்ணாடியில் தெரியும் தன் மீசைமேல் இருக்கும். எங்கள் பெயர்களை அவர் தெரிந்துகொள்ளவே இல்லை. என்னை "ஆயில்" என்றும் எலக்ட்ரீஷியனை "வயர்" என்றும் கூப்பிடுவார்.

அவருடைய மாமனாருக்கு அதே ஊரில், கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடை. ஒருநாள் காலையில் என்னிடம், "மூக்கு பளபளன்னு இருக்கணும். எங்க வீட்டு ஆளுங்க இன்னைக்கு பீச்சுக்கு வர்றாங்க" என்றார். விமானத்தின் மூக்கைத் துணிபோட்டுத் தேய்த்தோம்.

பாறசாலைப் பக்கத்துக்காரனான எலக்ட்ரீஷியன் என் காதருகில், "அண்ணே, இவரு பறக்கப் போறாரா, பெண்ணு காணப் போறாரா?" என்றான்.

அன்று அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன், பயிற்சி விமானி. ஏறிப்போன கொஞ்ச நேரத்தில் விமானம் கரையோரமாகத் தென்னைமர உயரத்துக்கு இறங்கி வந்தது. பயிற்சியில் அவ்வளவு தாழப் பறக்க வேண்டியதே இல்லை. திடீரென்று அடைபட்ட இருமல்போல ஒரு சத்தம். வாலில் புகை. எப்படியோ திரும்பி ஓடுதளத்தில் வந்து விழாத குறையாக இறங்கியது.

அவர்தான் முதலில் குதித்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஜீப் வந்து நிற்பதற்குள் கதை தயாராகிவிட்டது. "பையன் கீழ இறக்கிட்டான். நான் இல்லேன்னா கடல்தான்" என்று வந்தவர்களிடம் சொன்னார்.

பையன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். தண்ணீர் கொடுத்து, "ஓட்டினது யாரு, தம்பி?" என்று கேட்டேன்.

"சார்தானுங்க. நான் கையே வைக்கலை. வெளியில சொன்னா என்னை ஃபெயில் பண்ணிருவாருங்க."

விசாரிக்க வந்த அதிகாரியிடம் பார்த்ததையெல்லாம் சொன்னேன், மாமனார் வீட்டார் பீச்சுக்கு வந்தது உட்பட. அவர் கையை உயர்த்தி, "எஞ்சினைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றார். இவரும் நம் பயிற்சி அதிகாரியின் ரகம்தான்.

வெயிலில் எஞ்சினைக் கழற்றினோம். உள்ளே சுழலும் தகடுகள் மடங்கியிருந்தன. பருந்தின் இறகும் சதையும் வெந்த நாற்றம். அந்த நேரம் பார்த்து நம் வீரர் மாமனாரைக் கூட்டிக்கொண்டு விமானத்தைக் காட்ட வந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாமனார் கள்ளமில்லாத மனிதர். "மருமகன் எங்க தலைக்கு மேல எவ்வளவு தாழ வந்தாரு! கையும் காட்டினாரு, நாங்க கண்டோம்லா!" என்றார்.

"மாமா, அப்போ ஓட்டினது அந்தப் பையன்."

"அய்யோ, அதெப்படி? 'பாருங்க மாமா, நான்தான் ஓட்டிட்டு வருவேன்'னு காலைல நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க?"

எலக்ட்ரீஷியன் கைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் எங்களைப் பார்க்காமல் மாமனாரை வெளியே அழைத்துப் போனார்.

புது எஞ்சின் பொருத்தி ஓட்டிப் பார்த்தோம். விமானத்தை எங்கள் சொந்தத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய அன்று அவருக்கு முதுகுவலி வந்துவிட்டது. வேறொரு விமானி வந்தார். கூடப் போகிறாயா என்று பையனைக் கேட்டார்கள். போகிறேன் என்றான். இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டே, "எஞ்சின் சரியா இருக்குங்களா அண்ணா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். நம்பினான். விமானம் வடக்கே மறையும்வரை நின்று பார்த்தேன்.

முதுகுவலிக்காரர் ரயிலில் போனார். அவர் பெட்டியைத் தம்பானூர் ரயில் நிலையத்துக்குத் தூக்கிப்போகும் வேலை எனக்கு. பிளாட்பாரத்தில் நல்ல மனசோடு எனக்கு விளக்கினார்: "எஞ்சின் மாத்தின பிளேனை நம்பி ஏறக்கூடாதுப்பா."

அந்த எஞ்சினை மாற்றியவனிடம்தான் பேசுகிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு, படியேறி வெளியே வந்தேன்.

பையன் விமானியாகிவிட்டான். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விமானப் பாதுகாப்பைப் பற்றி இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.