பெயர் இல்லாத பிள்ளைக்கும் நத்தார்

இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைப் பாதையில் நடக்கத் தொடங்கியபோது எனக்கு நிறைமாதம். கோப்பித் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போன கங்காணி, "தோட்டம் போய்ச் சேர்ந்துதான் பெறுவா, பயப்படாதே" என்று என் புருஷனிடம் சொல்லியிருந்தார். பிள்ளை அவர் பேச்சைக் கேட்கவில்லை. காட்டு வழியிலேயே வலி கண்டுவிட்டது.

வழியில் ஒரு மடம் இருந்தது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு வாந்திபேதி. அது தெரிந்து மடத்துக்காரன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். உள்ளே இடமில்லை என்றான். இடம் இருந்தது, நான் பார்த்தேன். பின்பக்கம் வண்டி மாடுகளைக் கட்டும் கொட்டிலில் கிடந்து பெற்றேன். பெண் பிள்ளை. மறுநாளே நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். ஐந்தாம் நாள் என் மடியிலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது. பெயர் வைக்கக்கூட நாள் கிடைக்கவில்லை. என் புருஷன் கங்காணியின் கத்தியை வாங்கி மண்ணைக் கிளறிப் புதைத்தார். அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மடுல்கெல்லைப் பக்கம் தோட்டம் வந்து சேர்ந்தோம். அங்கே எனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தன.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து வேதம் சொல்ல ஓர் உபதேசியார் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர். நான் தள்ளி நின்றுதான் கேட்பேன். ஒரு கோப்பிப் பழக் காலத்தில், கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய ஞாயிறு, யேசு பிறந்த கதையைச் சொன்னார். நிறைமாதக்காரி ஒருத்தி, நெடுந்தூர நடை, சத்திரத்தில் இடமில்லை, மாட்டுக் கொட்டில்.

நான் கிட்டே போனேன். "ஐயா, மாட்டுக் கொட்டிலா? நெசமாவா?"

"ஆமாம்மா. தேவகுமாரன் அங்கேதான் பிறந்தார்."

"கடவுளுக்குமா எடமில்லன்னு சொன்னாங்க?"

"சொன்னார்கள்."

அன்றைக்கு நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அதோடு ஒரு தெம்பும் வந்தது. வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் பிறந்திருக்கக்கூடியவர் என் கொட்டிலுக்கு வந்திருக்கிறார். இவர் என் ஆள் என்று முடிவு செய்தேன். பிள்ளைகளோடு ஞானஸ்நானம் பெற்றேன். புருஷன், "எனக்கு மாரியாத்தா போதும். நீ போறதுன்னா போ" என்றார். தடுக்கவில்லை.

அடுத்த நத்தாருக்குக் கண்டி வேதக்கோயிலுக்குப் போனோம். தொரைமார் கொண்டாடும் நாள் என்பதால் மலையில் வேலை இல்லை. புருஷனும் துணைக்கு நடந்து வந்தார், ஆனால் உள்ளே வராமல் வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஆராதனைக்கு முன்பு உபதேசியார் ஒவ்வொரு குடும்பத்தின் பெயர்களையும் ஜெபத்தில் வாசிப்பதற்காக எழுதிக்கொண்டிருந்தார். என் பிள்ளைகள் மூவரின் பெயரைச் சொன்னேன்.

"இன்னொரு பொண்ணு இருக்கா, எழுதுங்க ஐயா" என்றேன்.

"பெயர்?"

"பேரு வைக்கல. வழியில பொறந்து வழியிலயே போயிருச்சு."

அவர் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். "ஞானஸ்நானம் பெறாத பிள்ளையம்மா. அதன் இரட்சிப்பைப் பற்றி நாம் எதுவும் சொல்லக்கூடாது. எழுத முடியாது."

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நகரவில்லை.

"ஐயா, அவரு நம்மளத் தேடி வந்தவரா, நாம வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தவரா?"

"தேடி வந்தவர்தான். நத்தார் என்பதே அதுதானே."

"அப்ப அந்தக் கொட்டிலுக்கும் வந்திருப்பாரு. என்னத் தேடி வான்னு அஞ்சு நாள் பிள்ளைக்கிட்ட கேப்பாரா?"

அவர் எழுதவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆராதனையில் பெயர்களை வாசித்தார். என் குடும்பம் வந்தது. மூன்று பெயரோடு நிறுத்திவிட்டு அடுத்த குடும்பத்துக்குத் தாண்டினார். நான் எழுந்து நின்றேன். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இன்னொரு பொண்ணு இருக்கா! மாட்டுக் கொட்டில்ல பொறந்தவ. அவளுக்காகவும்தான் அவரு பொறந்தாரு!"

யாரோ ஒருவர் இருமினார். உபதேசியார் தலை குனிந்தபடி அடுத்த பெயரை வாசித்தார். நானும் உட்கார்ந்தேன். வெட்கப்படவில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்த என் புருஷன், "வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒன்னோட மூக்குதான் அவளுக்கு" என்றார். அத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு வழியிலுள்ள வட்டேகாமம் வரை பேசிக்கொண்டே வந்தார்.

பதினைந்து நாள் கழித்து உபதேசியார் லயத்துக்கு வந்தார். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்று, "வேதம் முழுக்கத் தேடினேன். நீங்கள் சொன்னது அப்படியே எங்கும் இல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லையென்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை" என்றார்.

"அப்ப நான் சொன்னதே இருக்கட்டும்" என்றேன்.

மறு வருஷம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவரும் எழுத மாட்டேன் என்றார். நானும் ஒவ்வொரு நத்தாருக்கும் எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். இப்போதெல்லாம் யாரும் என் சேலையைப் பிடித்து இழுப்பதில்லை.