கொண்டை ஊசியில் நின்ற பாடம்

பாடம் நடத்துவது வாத்தியார் வேலையில் பாதிதான். ஏன் இப்படி நடத்தினாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. சாக்பீஸ் தூளை விழுங்கிய சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல. எண்பதுகளில் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் வழி வகுப்புக்கு விலங்கியல் நடத்தினேன். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது, அந்த வகுப்பை மூடிவிடலாம் என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு. பார்த்துச் சொல்ல ஒரு குழுவும் வரப்போகிறது என்றார்கள். மூடினால் என் பிள்ளைகளில் பலர் படிப்பையே விட்டிருப்பார்கள். விடுவேனா நான்!

எத்தனாவது வளைவு?

மரபணு எல்லா நேரமும் வேலை செய்யாது. வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடும். புரதம் ஒன்று வந்து உட்கார்ந்து அதை மூடிவிடும் என்பதோடு எங்கள் பாடப்புத்தகம் நின்றுவிடும். மெட்ராஸில் ஒரு கோடைப் பயிற்சியில் நான் கேட்டு வந்தது அதைவிட ருசியான சங்கதி. மரபணுவைப் பார்த்துப் படியெடுக்கும்போது உண்டாகிற ஆர்.என்.ஏ. இழை, தன்மேலேயே மடிந்துகொண்டு, படியெடுக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுமாம். அந்த மடிப்புக்கு ஆங்கிலத்தில் ஹேர்பின் என்று பெயர். நான் போர்டில் 'கொண்டை ஊசி' என்று பெரிதாக எழுதினேன்.

பெண்கள் எல்லாரும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பையன்களில் பாதிப் பேர் லாரி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மலைப்பாதைதான் கண்ணில் வந்தது. "இங்கே வந்ததும் வேலை நின்றுவிடும்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பின் பெஞ்சுக்காரன் ஒருவன் ரொம்ப அக்கறையாக எழுந்து கேட்டான்: "ஏற்காடுங்களா, கொல்லிமலைங்களா மிஸ்? எத்தனாவது வளைவுல நிக்குதுங்க?"

கோகிலாவின் அப்பா

வகுப்பிலேயே கெட்டிக்காரி கோகிலா. திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் வீட்டில் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டு, அவளுடைய அப்பா மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைய பி.எஸ்ஸி.க்கு அனுப்புனா இங்க கொண்டை ஊசி குத்தறதுக்கா சொல்லித் தாறீங்க? அத அவ ஊட்லயே கத்துக்குவாளுங்களே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உட்காரவைத்து அவருக்கும் பாடம் நடத்தினேன். பாக்டீரியா தனக்கு வேண்டிய சரக்கு ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சரக்கு தாராளமாக இருந்தால் அந்த இழை கொண்டை ஊசியாக மடிந்து தயாரிப்பை நிறுத்தும். சரக்கு குறைந்தால் வேறு மாதிரி மடிந்து வேலையை ஓடவிடும். அவர் தோள் துண்டை இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "சரக்கு இருந்தா மூடிக்குது, தீந்தாத் தொறக்குதுங்களா? எங்கூருக் கடையெல்லாம் தலைகீழுங்க சாமி!"

புத்தகத்தில் இல்லாதது

எங்கள் துறைத்தலைவர் நல்ல மனுஷர்தான், பயம் கொஞ்சம் தூக்கல். புத்தகத்தில் இல்லாததை, அதுவும் தமிழில், ஏன் நடத்த வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "புத்தகம் அச்சானதோடு பாக்டீரியா மடிவதை நிறுத்திவிடவில்லையே, சார்" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஹேர்பின்னாவது சொல்லித் தொலைங்க மேடம். கமிட்டி முன்னாடி அந்தக் கொண்டை ஊசி வெளியே வந்துச்சு, நம்ம கதை முடிஞ்சுது!"

குழு வந்த நாள்

அன்றைக்கு வீம்புக்கென்றே கொண்டை போட்டு, வழக்கத்தைவிட நிறைய ஊசிகளைக் குத்திக்கொண்டு போனேன். துறைத்தலைவர் என் தலையை ஒருமுறை பார்த்தார். என்னை மட்டும் வாய் திறக்கக் கூடாது என்று ஓரமாக உட்காரவைத்தார்.

குழுவில் வந்த பேராசிரியர், மரபணுவை மூடுவது எது என்று கேட்டார். கோகிலா எழுந்து புரதத்தைச் சொன்னாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இன்னொரு வழியும் இருக்குதுங்க" என்றாள். ஜடையிலிருந்து ரிப்பனை உருவி, மடித்துப் பிடித்து, கொண்டை ஊசியை விளக்கினாள். "சரக்கு குறைந்தால்?" என்று அவர் மடக்கினார். அவள் ரிப்பனை உதறி வேறு இடத்தில் மடித்துக் காட்டினாள். எல்லாம் சரி, இதையே இங்கிலீஷில் சொல், அப்போதுதான் அறிவியல் தெரியும் என்று ஒப்புக்கொள்வேன் என்றார் அவர். துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓரத்திலிருந்து எழுந்தே விட்டேன். அதற்குள் கோகிலா, ரிப்பனைப் பிடித்த கையை இறக்காமல் சொன்னாள்: "அந்த இழைக்கு எந்த மீடியமும் தெரியாதுங்க சார். இப்படி மடிஞ்சா நிக்குது, அப்படி மடிஞ்சா ஓடுது."

வகுப்பை மூடவில்லை, அதற்குப் பிறகு எந்தக் குழு வந்தாலும் என்னைத்தான் லேபுக்குள் வைத்து மூடினார்கள், நானும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பாடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே நடத்தினேன்.