இரண்டு குரலுக்கு ஒரு கோடு

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். தானே மெட்டுப் போட்ட பாட்டை எங்கள் சர்ச்சில் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும். அங்கே கீபோர்டு வாசிப்பதும் பாடகர் குழுவுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

பாட்டின் முடிவில் ஒரு நீண்ட சுரம். அதை முழுதாகப் பிடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

“பாதியில நான் விட்டுருவேன். குழுவுல ரெண்டாங் குரல் பாடுறவங்க அதே சுரத்த வாங்கிக்கிடட்டும். மாறுனதே தெரியக் கூடாதுங்க” என்றாள்.

சுரம் அறுபடாமல் நீள வேண்டுமென்றால் நோட்ஸில் இரண்டு சுரக்குறிகளை ஒரு வளைகோட்டால் இணைப்போம். டை என்போம். லேப்டாப்பில் நான் நோட்ஸ் எழுதும் சாஃப்ட்வேர், ஒரு குரலின் குறியிலிருந்து இன்னொரு குரலின் குறிக்கு டை போட விடவில்லை. வேறொரு கோட்டை இழுத்து ஒட்டினேன். பார்க்க டை மாதிரியே இருந்தது. லேப்டாப்பை வாசிக்கவிட்டால் அந்த இடத்தில் சுரம் புதிதாக ஒரு தடவை விழுந்தது.

விட்டிருக்கலாம். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

“கோடு கெடக்கட்டும் விடுங்க. நான் வாயாலயே சொல்லிக் குடுத்துர்றேன், பிராக்டிஸ் வைங்க” என்று இரண்டு தடவை சொன்னாள். இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று மூன்று வாரத்தை ஓட்டினேன். ஒரு நாள் அடுப்படியில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். லேப்டாப் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பாவி நான்.

கடைசியில் வழி கிடைத்தது. அவள் சுரம் தொடங்கும் இடத்திலேயே இரண்டாம் குரலிலும் அதே குறியை எழுதி, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, அதிலிருந்து அவர்கள் வாங்கும் குறிக்கு டை போட வேண்டும். அவ்வளவுதான். கறம்பக்குடி போய்ப் பிரிண்ட் எடுத்து வந்தேன்.

அந்த வாரம் பிராக்டிஸ். கீபோர்டில் தொடங்கிக் கொடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி தொடங்கினேன். அப்போதும் காற்றுதான். இரண்டாம் குரல் பெண்கள் தாளைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு நெருங்கும்போது என் தோளில் தாடையை வைத்து, காதோரம் கிசுகிசுத்தாள்.

“கோடு ரொம்ப அழகா வந்திருக்குங்க.”

குத்திக்காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னாள்.