செல்ஃப் எடுக்காத மதியங்கள்

எங்கள் கார் மூன்றாவது கை. மறைமலை நகரில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினோம். அவர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன். வெளியே அப்படிப் பளபளத்தது. உள்ளே இருந்த மின்சார சமாசாரங்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இடது பக்கப் பின் கண்ணாடி இறங்கும், ஏறாது. உள்ளங்கையால் பிடித்துத் தூக்கினால் முனகிக்கொண்டே வரும். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். வீட்டெதிரே வண்டியைத் திருப்பும்போதெல்லாம் தெருவே எட்டிப் பார்க்கும். கடிகாரத்தில் எப்போதும் விடியற்காலைதான்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வண்டி மதியத்தில் ஓடினால் போதும்.

ஏன் மதியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறார். நான் அதே பக்கம் இன்னொரு கம்பெனியில், கார்களுக்குள் போகிற வயர் கட்டுகளைச் செய்கிற லைனில் நிற்கிறேன். ஹார்னஸ் என்பார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளோடு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் அவர் முதல் ஷிப்டும் நான் இரண்டாம் ஷிப்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பிள்ளைக்குக் குறையில்லை. குறை எங்களுக்குத்தான். நான் கம்பெனி பஸ்ஸில் கிளம்பிப் போன பிறகு அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். நடுவில் கொஞ்ச நேரம் மகள் கீழ் வீட்டு அக்காவிடம் இருப்பாள். நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். நான் எழுந்திருக்கும்போது போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஓ.டி., இல்லையென்றால் எனக்கு. ஒரே வீட்டில் குடித்தனம் செய்துகொண்டு, பாத்திரம் கழுவி வைத்திருக்கிற விதத்தைப் பார்த்து அவர் மனநிலையைத் தெரிந்துகொள்கிற பிழைப்பாக இருந்தது.

கார் வந்ததும் அது மாறியது. மதியம் நான் மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அவர் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு அவர் கம்பெனி கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். அவர் ஏறிக்கொள்வார். மூன்று பேருமாக என் கம்பெனி கேட் வரை போவோம். அங்கே நான் இறங்கிக்கொள்ள, அவர் பிள்ளையோடு வீடு திரும்புவார். இரண்டு கேட்டுக்கும் நடுவே லாரி நெரிசலோடு சேர்த்து அரை மணி நேரம் ஆகும். தக்காளி விலை, பள்ளிக்கூடத்து ஃபீஸ், அவர் லைனில் யார் யாரோடு சண்டை, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த அரை மணி நேரம்தான் எங்கள் குடும்பம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகவே நான் மதியம் தலை பின்னிக்கொள்வேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் எரிந்த விளக்கெல்லாம் மங்கி அணையும். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் டக். எங்கள் பக்கம் இதற்கு 'செல்ஃப் எடுக்கல' என்று பெயர். தெரு முனையில் என் கம்பெனி பஸ் வந்துவிடும். மகளைக் கீழ் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அந்த அக்கா தங்கமானவள். ஜெபம் செய்துகொண்டிருந்தாலும் எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். வீட்டுக்காரரிடம் சேதி சொல்ல வழியில்லை. செல்போனைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள் என்று அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்.

எல்லா நாளும் இப்படி என்றாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். மூன்று நாள் நல்ல பிள்ளையாக ஓடும். நான்காம் நாள் டக். மனுஷனை ஆசை காட்டி மோசம் செய்வதில் அந்த வண்டிக்கு நிகரில்லை.

பேட்டரி கடைக்காரர் வந்தார். பேட்டரி போயிடுச்சு என்றார். புதிது மாட்டினோம். உடனே எடுத்தது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு டக். படப்பையிலிருந்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்தார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, கார்பன் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். எடுத்தது. பிறகு டக். ரிலே மாற்றினார். ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் போகும்வரை வண்டி மரியாதையாக ஸ்டார்ட் ஆகும். கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வயரிங்கே போயிக்கீதும்மா. மொத்தமா மாத்திடு" என்றார்.

நாள் முழுக்க வயரிங் செய்கிறவளிடம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்க போயிக்கீதுன்னு காட்டுங்க" என்றேன். அவர் பொதுவாக வண்டியைப் பார்த்துக் கையை வீசினார்.

அடுத்த நாள் காலை நானே பானட்டைத் திறந்தேன். எங்கள் லைனில் கனெக்டர் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அழுத்த வேண்டும், கிளிக் கேட்க வேண்டும், பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் என் விரல்கள் அதைச் செய்யும். கைக்கு எட்டிய கனெக்டர்களை எல்லாம் அப்படியே பார்த்தேன். எல்லாம் கிளிக். ஒரு வயர்கூடப் பிய்ந்திருக்கவில்லை. யாரோ என்னைப் போன்ற ஒருத்தி எந்தக் காலத்திலோ ஒழுங்காகச் செய்து அனுப்பியிருந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அன்று மதியமும் டக்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மழை ஈரம் என்றார்கள். திருஷ்டி என்று என் லைனில் ஒருத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினாள். நசுக்கி ஓட்டச் சொன்னாள். ஓடினால்தானே நசுக்க?

மார்கழி பிறந்த சமயம் ஒரு நாள் அவரும் நானும் அதிசயமாக ஒரே நேரத்தில் விழித்திருந்தோம். அப்போது அவர் சொன்னார்: "வித்துடலாம். கம்பெனி பஸ்ஸு கீறச் சொல்லோ இன்னாத்துக்கு இந்த ரோதனை?"

"அப்ப மதியம்?" என்றேன்.

"பஸ்லயே வந்துக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டது பஸ்ஸைப் பற்றி அல்ல. அது அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை. தலை பின்னிக்கொண்டு நான் ஒருத்திதான் அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. சரி, வித்துடுங்க என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஓ.டி. இல்லை. மணிமங்கலத்திலிருந்து ஒரு புரோக்கர் சாயங்காலம் வண்டி பார்க்க வருவதாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவினார், துடைத்தார், பானட்டைத் திறந்து வைத்தார். நான் தெருக்கதவருகில் நின்று வேடிக்கை பார்த்தேன். உதவிக்குப் போகிற மனநிலை இல்லை.

"வர்ற ஆளு இத பாத்தாலே பாதி முடிஞ்சுடும்" என்று பேட்டரிக்குக் கீழே காட்டினார். "துருன்னு ஒரு பொட்டு கீதா, பாரு."

அது ஆயுத பூஜைக்கு அவர் செய்த வேலை. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சந்தனம் குங்குமம் வைப்பது கடைசியில்தான். அதற்கு முன்னால் மெஷினைக் கழுவி, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்தாக வேண்டும். கம்பெனியில் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். பேட்டரி ஆசிட் சிந்திச் சிந்தி அதன் அடியில் தகடு புண்ணாகியிருந்தது. துருவைக் கண்டால் இவருக்குக் கை அரிக்கும். லீவு நாள் முழுக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட் அடித்திருந்தார். புது வண்டியில்கூட அந்த இடம் அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்து பார்த்தேன். பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் வந்து, நுனியில் ஒரு வளையத்தோடு, வண்டியின் உடம்பில் ஒரு போல்ட்டில் முடிந்தது. எர்த் வயர், கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. அந்த வளையம் பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. வழவழப்பான, துளி இடைவெளி இல்லாத பெயிண்ட்.

"இந்த போல்ட்ட கழட்டிட்டா அடிச்சீங்க?"

"பின்ன? கழட்டாம அடிச்சா அது ஒரு பெயிண்ட்டா?"

"இங்க வெறும் தகடு தெரியணும்" என்றேன். "பெயிண்ட்டு மேல கரண்ட்டு எப்படிப் போவும்?"

அவர் குனிந்து அந்த போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்களுக்கு பாடி வரச் சொல்லோ அந்த எடத்துல ஒரு மூடி போட்டு வரும். மேல அடிச்சு அனுப்பிடுவோம். மூடிய எடுக்கிறது வேற ஸ்டேஷன். பெயிண்ட்டு பூந்து மரை அடைச்சிக்கும்னு போடறாங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. வயர்களை அடுக்கிக் கட்டுகிற என் போர்டிலும் அந்த வளையம் தினமும் வருகிறது. வயரின் நுனியில் அதை அடித்து, சும்மா தொங்கவிட்டு, கட்டிப் பெட்டியில் போட்டு அனுப்புகிறோம். அதை போல்ட் போட்டு முடுக்குவது கார் கம்பெனி வேலை. அதனால்தான் வண்டியில் எல்லா கனெக்டரையும் இழுத்துப் பார்த்தவள் அதை மட்டும் தொடவே இல்லை. என் கதை, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவர் கதை பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

வண்டி சில நாள் எடுத்ததற்கும் காரணம் அங்கேயே இருந்தது. போல்ட்டின் மரை மட்டும் எங்கோ ஓரிடத்தில் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பேட்டரிப் பக்கம் யார் கை வைத்து ஆட்டினாலும் அந்தத் தொடுதல் கொஞ்சம் சரியாகும். எடுக்கும். பிறகு குலுங்கிக் குலுங்கி விட்டுப்போகும்.

அவரே ஸ்பேனர் கொண்டுவந்து கழற்றினார். தான் அடித்த பெயிண்ட்டைத் தானே உப்புத்தாளால் தேய்த்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் நான் வளையத்தைத் தேய்த்தேன். தகடு வெள்ளையாகத் தெரிந்ததும் சேர்த்து முடுக்கினோம். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சாவியைத் திருப்பினேன். டக் கேட்கவில்லை. ஒரே எடுப்பில் வண்டி எழுந்தது.

புரோக்கர் வந்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுற்றிப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார், ஹாரன் அடித்தது, சிரித்தார். "நல்லாத்தானே ஓடுது. ஏன் விக்கிறீங்க?" என்றார்.

"விக்கல" என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். புரோக்கருக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

திங்கட்கிழமை மதியம் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. கேட்காதது ரோடுதான். ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. அது நகர்ந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கம்பெனி பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. பஸ் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவரும் போயிருப்பார், வண்டியைத் திருப்பிக்கொண்டு என் கேட்டுக்குப் போய் எப்படிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே, டீக்கடைக் கூரைக்குக் கீழே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். மகள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுல போவலியா?" என்றேன்.

"போயிடுச்சு."

"நான் வரலன்னா?"

"ஷேர் ஆட்டோ கீது."

கேட்கும்போதே எனக்கு வேறொன்று உறைத்தது. "வண்டி எடுக்காத நாள்லாம் இன்னா பண்ணீங்க?"

"அப்பவும் இங்கதான் நின்னேன். எடுத்துச்சா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பஸ்ஸுல ஏறிட்டப்புறம் நீ வந்துட்டன்னா?"

அந்த மழைக் காலம் முழுக்க அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்து வீடு போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நேரம் கழித்து வந்திருப்பார். கீழ் வீட்டு அக்கா அதைச் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அப்புறம் இன்னாத்துக்கு விக்கணும்னீங்க?"

நான் இறங்கி இடது பக்கம் வந்தேன். அவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தார்.

"நின்னுக்கினே இருப்பேனா. ஒரு நேரத்துக்கு மேல, இன்னிக்கு நீ வரலன்னு தெரிஞ்சுடும். அது தாங்கல. அதான் சொன்னேன்."

என் ஷிப்டுக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. அவர் அவசரமாகக் கியர் போட்டார்.

"மெதுவாவே போங்க" என்றேன்.

"லேட் ஆவும்."

"ஆவட்டும்" என்றேன்.