ஜீப்பில் போன ஆலோசனை

ஆசிரிய ஆலோசகர் என்ற உத்தியோகத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை ஒருநாள் மழையில் வட்டகொடை மலையேற்ற வேண்டும் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொருவருடைய வகுப்புக்குப் போய், பாடத்தைப் பார்த்து, இப்படியும் செய்து பார்க்கலாமே என்று சொல்ல வேண்டும். லீவு கொடுக்க முடியாது, இடமாற்றம் செய்ய முடியாது, ஒரு வார்த்தை கண்டிக்கவும் முடியாது. ஆலோசகர்களும் வெறும் ஆசிரியர்கள்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள், எங்கள் கல்வி வலயத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் இருந்தது.

அவர்களில் ஒருத்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தாயின் மகள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள், கணக்கில் கெட்டிக்காரி. பன்னிரண்டு பள்ளிக்கூடங்களை அவளுக்குக் கொடுத்திருந்தோம். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக அங்கேயே படிப்பிக்கிறவர், இவளை வகுப்புக்குள் விடவில்லை. "பாடம் நடக்குது, பிறகு வாரும்" என்று மூன்று தடவை திருப்பிவிட்டார். மூன்றாவது தடவை ஒரு பாடவேளை முழுக்கச் சாரலில் விறாந்தையில் நின்றிருக்கிறாள். மறுநாள் கடிதமும் கையுமாக என் மேசைக்கு முன்னால் வந்தாள்.

"சேர், என்னைய பழைய ஸ்கூலுக்கே விட்டுருங்க. அங்க எனக்குன்னு நாப்பது புள்ளைங்க இருக்காங்க. இங்க நான் யாருக்குமே வேண்டாதவ."

எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "நீ ஏம்மா அழுவுற? நாளைக்கு நானே வர்றேன். யாரு கதவ சாத்துறாங்கன்னு பாப்போம்!"

மறுநாள் அலுவலக ஜீப்பில் போனோம். தோட்டத்துப் பாதையில் ஜீப் ஏறினால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வருகிறார் என்று அர்த்தம். கங்காணி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் போல, வரிசையாக நின்றார்கள். டீச்சர் தன் கதிரையை அவளுக்கு விட்டுவிட்டு, ஏற்கெனவே நடத்திய பாடத்தையே திரும்ப நடத்தினார். கேள்வி முடியுமுன்பே பிள்ளைகள் பதில் சொன்னார்கள். நான் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினேன்.

பாதி வழியில் அவள் வாய் திறந்தாள். "அந்த டீச்சர் என்னைய பாக்கவே இல்ல சேர். ஜீப்பத்தான் பாத்தாங்க. இனிமே நான் நடந்து போனாலும் ஜீப்புல வந்தவதான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? வெட்கமாக இருந்தது.

"சரிம்மா, நான் என்னதான் செய்யணும்? நீயே சொல்லு."

"அந்த டீச்சரப் பத்தி நான் ரிப்போட் எழுத மாட்டேன். ஒத்துக்கிட்டீங்கன்னா மாசக் கடைசி வரைக்கும் போறேன். கடிதம் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

ஆலோசகர் பார்த்த ஒவ்வொரு வகுப்பைப் பற்றியும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அறிக்கை போகும். ஆசிரியர்கள் பயந்ததே அதற்குத்தான். ஒத்துக்கொண்டேன். இரண்டாவது வாரமே பணிப்பாளர் கூப்பிட்டு, கிளார்க்மார் எல்லோரும் கேட்க, "அறிக்கை எங்கே? நீர் இங்கே என்ன வேலை பார்க்கிறீர்?" என்று காய்ச்சி எடுத்தார். எழுத வேண்டாமென்று நான்தான் சொன்னேன் என்றேன். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்னைப் போன்ற முன்கோபிக்கு லேசான காரியமா?

அவளோ போனாள், வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாசக் கடைசியும் வந்தது. மேலே அனுப்புவதற்காகக் கடிதத்தை எடுத்து வைத்திருந்தேன். நிமிர்ந்தால், வாசலில் அந்த யாழ்ப்பாணத்து டீச்சர். புகாரோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளை என்னட்டை வந்து, 'ஒரு பாடம் நான் எடுக்கிறன், எங்கை பிழை விடுறன் எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ' எண்டா, சேர். எடுத்தா. இருபத்திரண்டிலை அஞ்சு போனால் எத்தினை எண்டு கேட்டால், வகுப்பு முழுக்க இருபத்திமூண்டு! ரண்டிலை அஞ்சு போகாதெண்டு, அஞ்சிலை ரண்டைக் கழிச்சுப்போடுதுகள். அவவின்ரை முகம் செத்துப்போச்சு. 'எனக்கும் பதினைஞ்சு வரியமா உதே இருபத்திமூண்டுதான் பிள்ளை' எண்டு சொல்லிப்போட்டன். உதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

பிறகு இரண்டு பேருமாக யோசித்திருக்கிறார்கள். அவள் பிள்ளைகளிடம், "அம்மா இருபத்திரெண்டு கிலோ கொழுந்து கொண்டாந்தாங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும்னு அஞ்சு கிலோ கழிச்சிட்டாங்க. இருபத்திமூணுன்னா எழுதுவாங்க?" என்று கேட்டாளாம். "ஐயோ, கழிச்சா கொறையும் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியதாம். கொழுந்து நிறுக்கும்போது அப்படிக் கழிப்பார்கள் என்பதே அந்த டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அவ திரும்ப எப்ப வாறா எண்டு கேக்கத்தான் வந்தனான்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஜீப்பை மட்டும் அனுப்பிப் போடாதையுங்கோ, சேர்."

பின்னேரம் அவள் வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கடிதத்தை அவசரமாக நீட்டி, "இந்தா, கிழிச்சுப் போடும்மா" என்றேன்.

ஒரு தடவை வாசித்தாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இருக்கட்டும் சேர். இன்னும் பதினோரு ஸ்கூல் இருக்கு."