மாரடேபே எடுத்த பாட்டு

மாரடேபேக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் அவள் தொண்டையை இன்னும் கேட்டதில்லை. அவளுடைய சொந்தப் பெயர் நொபாந்து. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி எத்தனை பிள்ளை பெற்றாலும் ஒருத்தியைப் பிறந்த குலத்தின் பெயரால்தான் கூப்பிடுவோம். ரடேபே குலத்துப் பெண், முன்னால் ஒரு ‘மா’ சேர்த்து மாரடேபே.

கேப் டவுனுக்கு வெளியே எங்கள் தெம்பனி குடியிருப்பின் டாக்ஸி நிறுத்தத்தில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுருண்டை பொரித்து விற்பாள். ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டே விற்பாள். திட்டு இல்லாவிட்டால் உருண்டையில் ருசி இல்லை என்று அவர்களே சொல்லுவார்கள். காலையில் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாகக் கைகோக்க வைத்து, பெரிய பொட்டலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவது. தலைப்பின்னல் கடை வைத்திருக்கும் நானும் இன்னும் சில பெண்களும் அவளோடு நடப்போம். அந்தப் பொட்டலில்தான் அவள் தங்கையைக் கத்தியால் குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். போலீஸ் வண்டி வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. வரிசை நடை அந்த மாதம் ஆரம்பித்தது.

இந்த வருஷம் துப்பாக்கிகள் பெருகிவிட்டன. போன மாதம் காலை வெளிச்சத்திலேயே ஒருத்தன் எங்களை மறித்து, வானத்தைப் பார்த்துச் சுட்டு, என் போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். பிள்ளைகளின் அம்மாக்கள் அதோடு சொல்லிவிட்டார்கள்: பொட்டலில் போலீஸ் வண்டி நிற்காவிட்டால் வரும் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளை அனுப்ப மாட்டோம். மாரடேபே அன்று யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் சமூகக் கூடத்தில் கூட்டம். எங்கள் போலீஸ் நிலையத்துக்குத் தலைமை அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த கர்னல் மாஷியா பதில் சொல்ல வந்திருந்தார். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் மழுப்பினால் நாங்கள் கத்த மாட்டோம், கல் எறிய மாட்டோம். யாராவது ஒருத்தி ஒரு சர்ச்சுப் பாட்டை எடுப்பாள். கூடமே எழுந்து நின்று பாடும், ஆடும். பேசுகிறவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். மரியாதையும் போகாது, பொய்யும் நீளாது. எங்கள் வட்டாரத்தில் பாட்டெடுப்பவள் மாரடேபேதான். கவுன்சிலர் ஐயா மேடை ஏறுமுன் அவள் வந்திருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்.

மாரடேபே எழுந்தாள். "கர்னல் ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. வண்டி எங்க?"

கர்னல் தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்ககிட்ட மூணு வண்டி இருக்கு. ஒண்ணு ரிப்பேர்ல இருக்குன்னு..."

"ரிப்பேராம்ல! காதுல பூ சுத்துறாரு!" என்று மாரடேபே குனிந்து என் காதில் சொன்னாள். போன கூட்டத்துக்கு வந்த போலீஸ்காரர்களும் இதே ரிப்பேரைத்தான் சொன்னார்கள். அந்த ரிப்பேர் வண்டி சுட்ட இறைச்சிக் கடை வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றதை ஊரே பார்த்திருந்தது. அவ்வளவுதான், மாரடேபே பாட்டை எடுத்துவிட்டாள். கூடம் எழுந்தது. தரை அதிர்ந்தது. கர்னல் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரோடு வந்த கான்ஸ்டபிள் பெண் ஸொலேகாவே தன்னை மறந்து கை தட்டினாள். கவுன்சிலர் அவசரமாக ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வாசலில் நாங்கள் வெற்றிக் களிப்பில் நின்றபோது ஸொலேகா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? ‘ஒண்ணு ரிப்பேர்ல இருக்குன்னு எங்க ஆளுங்க சொன்னது பொய்’னு சொல்ல வந்தாரு மனுஷன்! அதை வச்சு ஊர் சுத்தினவங்கள வேலையிலேர்ந்து நிறுத்திட்டாரு. திங்கக்கிழமையிலேர்ந்து வண்டி பொட்டல்லதான் நிக்கப்போகுது."

மாரடேபேயின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவசரக் குடுக்கை" என்றேன் நான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதடி புலிஸ்வா! சனம் எல்லாம் கலைஞ்சு போகுது. வண்டி வராதுன்னு நெனச்சுட்டுல்ல போறாங்க? ஊருக்கு முன்னால சொல்லாத வாக்கு ஒரு வாக்கா? நாளைக்கு அந்த ஆளு இல்லேன்னுட்டா யாரு போய்க் கேக்குறது?"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கர்னல் காரில் ஏறப் போனார்.

"பாட்டு முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் அவர், கொஞ்சம் கசப்பாக.

மன்னிப்புக் கேட்பதானாலும் சண்டை போடுவதானாலும் எங்கள் வழக்கப்படி முதல் கேள்வி ஒன்றுதான். மூச்சிரைக்கக் கேட்டாள்: "நீங்க எந்தக் குலம்?"

"ரடேபே. மட்டாட்டியேலே பக்கம்."

மாரடேபே கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, முன்னோர் பெயர்களை அடுக்கிக் குலப் புகழைச் சொன்னாள். "ரடேபே! புங்கானே! ம்திம்குலு! ரெண்டு காதும் அழகானவனே!"

குலப் புகழைக் கேட்டால் எங்களில் எவனுக்கும் முறைப்பு நிற்காது. கர்னல் தலை குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது சிரித்துவிட்டார். ஒரே குலத்தில் பிறந்த மூத்த பெண் எங்களுக்கு அத்தை முறை.

"அத்தே, அந்த ரெண்டு காதுல ஒண்ணையாவது இன்னிக்கு எனக்குக் கொடுத்திருக்கலாமே?"

"தப்புதான்யா, தப்புதான்" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நொடியே அத்தையாகிவிட்டாள். "சரி, எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆச்சு? இறங்கு. ஊருக்கு முன்னால சொல்லு."

பிளாஸ்டிக் பால் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி, அதே பாட்டை மறுபடி எடுத்தாள். தெருக்கோடி வரை போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். கர்னல் எல்லாவற்றையும் சொன்னார். பொய் சொன்னது தன் ஆட்கள் என்றும் சொன்னார். யாரும் பாடவில்லை.

"வண்டி வரலேன்னா?" என்றாள் மாரடேபே.

"நான் நடந்து வர்றேன்."

"மாதா மாதம் இங்க வந்து பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் அத்தே. நீங்க மட்டும் கடைசி வரைக்கும் கேளுங்க."

திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பொட்டலில் வண்டி இல்லை. அம்மாக்கள் மாரடேபேயைப் பார்த்தார்கள். அவள் பொட்டலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அம்மா மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள், திரும்பிப் போக.

அப்போது பொட்டலின் அந்தக் கோடியில் ஓர் ஆள் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. கர்னல். தொப்பி கையில், சட்டை வேர்வையில்.

"கடைத்தெருவுல துப்பாக்கிச் சூடு அத்தே. வண்டி அங்க போயிருக்கு. அதான் நான்..."

"பேச்சை விடு. இதைப் போடு" என்று ஒரு பச்சைச் சட்டையை அவர்மேல் எறிந்தாள். அது அவர் தொப்பைக்குப் பற்றவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பையைத் தோளில் மாட்டியிருந்த அம்மா அதைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள்.

நடந்தோம். மாரடேபே பாட்டை எடுத்தாள். கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்து அதனிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்த கர்னல் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்று அவள் திரும்பிக் கத்தினாள். "இது நடக்குற பாட்டுடா. நீயும் பாடு!"

தங்கை விழுந்து கிடந்த இடம் வந்தது. எப்போதும் அந்த இடத்தில் அவள் இன்னும் உரக்கப் பாடுவாள். அன்று குரல் உடைந்து பாதி வரியில் நின்றுவிட்டது. மீதி வரியைப் பின்னாலிருந்து கர்னல் பாடினார். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.