எட்டு மின்விசிறியும் ஓர் ஓட்டுக்கூரையும்

ஜெர்மன் ஆசிரியராவதற்கான படிப்பில் கடைசிக் கட்டம் பயிற்சி வகுப்பு. பொன்னமராவதியில் என் வீட்டு அறையிலிருந்தே, ஆன்லைனில் பத்துப் பாடம் நடத்தவேண்டும். மாணவிகள் ஒன்பது பேரும் வெளிநாட்டு வேலைக்காக மொழி படிக்கும் நர்சுகள். என் பயிற்சியாளர் திரையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

முதல் பாடம் முடிந்ததும் அவர், "வாயசைவே தெரியலையேங்க, உச்சரிப்ப எப்படித் திருத்துவீங்க? கேமராவப் போடச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுநாள் ஒன்பது பேரும் போட்டார்கள், போனை மல்லாத்தி வைத்துவிட்டு. எட்டு மின்விசிறியும் ஓர் ஓட்டுக்கூரையும் தெரிந்தன. நைட்டியோடு, மாமனார் குறுக்கே போக வர இருக்கிறவர்கள் வேறு எதைக் காட்டுவார்கள்? பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன், அதற்கும் மதிப்பெண் போயிற்று.

ஓட்டுக்கூரைக்காரிக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை. கோழியை விரட்டிக்கொண்டே வினைச்சொல் ஒப்பிப்பாள். தப்பாகச் சொல்லிவிட்டால் அவளே முதலில் சிரிப்பாள். அவள் சிரித்த நாளெல்லாம் மற்றவர்களுக்கும் வாய் திறந்துகொள்ளும். அந்தச் சிரிப்பின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பத்தாவது பாடம் முடிந்து பயிற்சியாளர் வெளியேறியதும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ முகத்தக் காட்டுங்களேன்."

"இப்ப வேணாம் டீச்சர். ஃபாரின் போறப்ப நேர்லயே பாத்துக்குவோம்" என்றாள்.

நான் தேறினேன். அவளும் தேறினாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் அழைத்தாள். "நாளைக்குக் கெளம்புறேன் டீச்சர். காலைல பத்து மணிக்குத் திருச்சி பஸ். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வாரீங்களா?"

ஒன்பதுக்கே போய்விட்டேன். பெட்டியும் படுக்கையுமாக மூன்று கூட்டம் நின்றது. ஒவ்வொன்றிலும் அவள் வயதுப் பெண்கள். எந்தப் பெண் சிரிக்கிறாள் என்று மாறி மாறிப் பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. திருச்சி பஸ் புறப்பட்டுப் போன பிறகு அவள் குரல் பதிவு ஒன்று வந்தது.

"ஒங்களப் பாத்தேன் டீச்சர். கேமராவுல உக்காந்திருந்தப்பத் தெரியல, நேர்ல குள்ளமாத்தான் இருக்கீங்க. கிட்ட வந்தா அழுதுருவேன்னு ஏறிட்டேன்."

அந்த பஸ் என்னை உரசிக்கொண்டுதான் திரும்பியது. கூட்டத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்த நான், வழிவிட்டு ஒதுங்கினேனே தவிர சன்னல் பக்கம் நிமிரவில்லை.